நோய்க்குச் சாட்சி யார்? கல்லூரி வருகைப் பதிவும் வைத்தியச் சான்றும்

சித்தூரிலிருந்து வேலூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லை முடிந்து தமிழகம் தொடங்கும் இடத்தை ஒட்டியிருக்கும் குடிபாலா வட்டாரத்திலிருந்து, நாள்தோறும் காலையில் வடக்கே சித்தூருக்கும் தெற்கே காட்பாடிக்கும் வேலூருக்கும் பஸ் ஏறிச் செல்லும் மாணாக்கராயினும், திருப்பதியில் விடுதி வாசம் செய்து பண்டிகைக்கு மட்டும் வீடு திரும்பும் மாணாக்கராயினும், தங்கள் கல்லூரி வாழ்க்கையில் ஒரு முறையேனும் கேட்க நேரும் கட்டளை ஒன்று உண்டு. “அட்டெண்டன்ஸ் குறைகிறது, மெடிகல் சர்டிபிகேட் கொண்டு வா” என்பதே அது. தெலுங்கில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் அதன் கருத்து ஒன்றுதான்: வகுப்புக்கு வராத நாட்களில் நோயுற்றிருந்தாய் என்பதற்கு உன் வாய்ச்சொல் போதாது, வைத்தியர் ஒருவரின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும்.

கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும் இக்கட்டளைக்குள், கல்வி நிலையம் தன் மாணாக்கரை எவ்வளவு நம்புகிறது என்பதும், வைத்தியரின் சொல் எதற்குப் பிரமாணமாகக் கூடும் என்பதும், வசதி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே விதி ஒரே நியாயத்தைச் செய்கிறதா என்பதும் ஆகிய மூன்று பெரிய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. அம்மூன்றையும் வரலாறு, சட்டம், வைத்தியம், கிராம வாழ்க்கை ஆகிய நான்கு பக்கங்களிலிருந்தும் பரிசீலித்து, சில நாள் நோய்க்கு மாணாக்கர் எழுதிக் கொடுக்கும் சொல்லையே ஏற்றுக்கொண்டு, நீண்ட நோய்க்கு மட்டும் வைத்தியச் சான்றைக் கேட்பதே தகுந்த முறை என்று நிலைநாட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வருகை விதி தோன்றிய வரலாறு

லண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைச் சர்வகலாசாலை, ஆதியில் பாடம் சொல்லும் ஸ்தாபனமாக இருக்கவில்லை. பாடம் சொல்லும் பொறுப்பைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டுப் பரீட்சை நடத்துவதும் பட்டம் வழங்குவதுமே தன் கடமையாகக் கொண்டிருந்தது. மாணாக்கனை நேரில் காணாத அந்த ஸ்தாபனத்துக்கு, அவன் உண்மையாகவே ஒரு கல்லூரியில் இருந்து பாடம் கேட்டவன்தான் என்பதை உறுதி செய்து கொள்ள, கல்லூரித் தலைவர் கையெழுத்திட்ட வருகைச் சான்று ஒன்று தேவைப்பட்டது. லண்டன் சர்வகலாசாலையோ 1858-இலேயே பெரும்பாலான பரீட்சைகளைக் கல்லூரியில் படியாதவர்களுக்கும் திறந்துவிட்டது. நம் நாட்டில் அந்தச் சான்று நிலைத்துவிட்டது. ஆகவே, வகுப்பறையில் இருந்ததற்கு ஒரு சான்றும், இல்லாமற் போனதற்கு மற்றொரு சான்றும் கேட்கும் வழக்கம், தூரத்திலிருந்து ஆளும் அமைப்பு ஒன்றின் இயல்பான அவநம்பிக்கையிலிருந்து பிறந்தது என்று கொள்ளலாம்.

அந்த விதியின் கடுமையை அனுபவித்தவர்களுள் மிகப் பெரியவர் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் சேர்ந்த அவர், பரீட்சையில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்து, தெலுங்கு நாட்டுப் பக்கம் சென்று சில காலம் திரிந்துவிட்டுத் திரும்பிக் கல்லூரியில் மறுபடி சேர்ந்தபோது, வருகை நாட்கள் போதாமையால் 1905-ஆம் ஆண்டுக்குரிய பருவச் சான்றைப் பெற முடியாமற் போயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார்; அங்கே நோய் குறுக்கிட, ஊர் திரும்பினார்; 1907 டிசம்பரில் தனித் தேர்வராக எப்.ஏ. பரீட்சை எழுதித் தோற்றார். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் அவர் கருத்துச் செலுத்தாமையே தோல்விக்கு முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு மனிதனின் கல்விப் பாதையில் வருகைக் குறைவு ஒரு முறையும் தேக நலக்குறைவு ஒரு முறையும் வந்து மறித்து நின்ற உதாரணம் நம்மிடையே நூறு ஆண்டுகளுக்கு முன்னரே உண்டு என்பதும், அவ்விரண்டையும் பிரித்தறிந்து ஒருவனுக்கு வழி செய்து கொடுக்கும் ஏற்பாடு அன்று நன்கு அமையவில்லை என்பதும் சிந்திக்கத் தக்கவை.

இன்றைய கணக்கு

சர்வகலாசாலை மானியக் குழு 2003-இல் வகுத்த விதிகள், பரீட்சைக்கு அமர வேண்டிய குறைந்தபட்ச வருகையை அந்தந்தச் சர்வகலாசாலையே நிர்ணயிக்கலாம் என்றும், அது சாதாரணமாக 75 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும் கூறுகின்றன. சித்தூர், திருப்பதி வட்டாரத்துப் பொறியியற் கல்லூரிகள் பலவும் இணைந்துள்ள அனந்தபூர் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பச் சர்வகலாசாலையின் விதிப்படி, 75 விழுக்காட்டுக்குக் கீழே 65 வரை குறைந்தவர்கள், வைத்தியச் சான்று முதலிய தக்க காரணம் காட்டிக் கட்டணமும் செலுத்தினால் மன்னிக்கப்படலாம். 65-க்கும் கீழே போனவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் மன்னிப்பு இல்லை. மாணாக்கர் பேச்சில் முன்னது ‘கண்டோனேஷன்’, பின்னது ‘டிடெயின்’. டிடெயின் ஆனவன் அந்தப் பருவத்தை மீண்டும் படித்தாக வேண்டும். ஆந்திர அரசு ஏழை மாணாக்கருக்குக் கல்விக் கட்டணத்தைச் செலுத்தும் திட்டமும் 75 விழுக்காடு வருகையை நிபந்தனையாகக் கொண்டிருப்பதால், வருகை குறைந்த ஏழைக்குப் பரீட்சை மட்டுமன்றிக் கட்டண உதவியும் கையை விட்டுப் போகக்கூடும்.

இந்த எண்களை நாட்களாக மாற்றிப் பார்த்தால் விதியின் உட்பொருள் விளங்கும். ஒரு பருவத்தில் தொண்ணூறு வேலை நாட்கள் உண்டென்று கொண்டால், 75 விழுக்காட்டு நிபந்தனைக்கு உட்பட்டு ஒருவன் வராமலிருக்கக் கூடியவை 22 நாட்கள். மன்னிப்பையும் சேர்த்தால் 31 நாட்கள். டெங்கு காய்ச்சல் ஒருவரை ஏறக்குறைய ஒரு வாரம் படுக்கையில் கிடத்தி, அதன் பின்னும் சில நாள் சோர்வை விட்டுச் செல்கிறது. டைபாய்டு இரண்டு மூன்று வாரத்தைக் கொண்டுபோகும். மஞ்சள் காமாலை அதனினும் நீளும். கால் எலும்பு முறிந்தால் அது கூடுவதற்கு ஆறு வாரமும் அதற்கு மேலும் ஆகும். வாரத்துக்கு ஆறு நாள் வகுப்பு நடக்கும் கல்லூரியில் ஆறு வாரம் என்பது 36 நாட்கள். அதாவது, உண்மையாகவே பெரிய நோயோ விபத்தோ நேர்ந்தவன், எத்தனை சிறந்த வைத்தியசாலையின் சான்றைக் கொண்டுவந்தாலும் 31 என்னும் எல்லைக்கு அப்பால் நின்று டிடெயின் ஆகிறான். ஆங்காங்கே சில நாட்கள் வராமலிருந்து இடைப்பட்ட பத்து விழுக்காட்டில் நிற்பவனுக்கே சான்று கைகொடுக்கிறது. நோயாளிக்காக ஏற்பட்ட வாயில், பெரு நோயாளி நுழைய முடியாதபடி குறுகிக் கிடக்கிறது என்பதே இக்கணக்கு காட்டும் முதல் உண்மை.

சான்று என்பது சட்டத்தின் பார்வையில்

இந்திய வைத்தியக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிகளே இன்றும் வைத்தியர்களை ஆள்கின்றன; அவற்றுக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, சான்று வழங்கும் வைத்தியர் அதற்கெனத் தனிப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சான்றுக்கும் பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை, விலாசம், மச்சம் முதலிய அங்க அடையாளம் ஒன்று ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். விடுப்புக்கான சான்றுக்கு அவ்விதிகளே ஒரு மாதிரிப் படிவத்தையும் தந்திருக்கின்றன. வைத்தியர் கவனமாகப் பரிசோதித்த பின்னரே நோயின் பெயரையும், ஓய்வு அவசியமாகும் நாட்களையும், அவை தொடங்கும் தேதியையும் அதில் எழுத வேண்டும். உண்மைக்கு மாறான சான்றில் கையெழுத்திட்டவரின் பெயரை வைத்தியர் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். சட்டத்தின் தேவைக்காகவோ நீதிமன்றச் சாட்சியத்துக்காகவோ பயன்படும் சான்று பொய்யென்று தெரிந்தும் அதை வழங்குவது பாரதிய நியாய சன்ஹிதையின் 234-ஆம் பிரிவின் கீழும், பொய்யென்று அறிந்தே அதைப் பயன்படுத்துவது 235-ஆம் பிரிவின் கீழும், பொய்ச் சாட்சி சொல்வதற்கு நிகரான குற்றங்கள்.

இத்தனை கண்ணியத்தோடும் அபாயத்தோடும் சட்டம் சூழ்ந்து வைத்திருக்கும் ஒரு பத்திரத்தை, இரண்டு நாள் வயிற்றுப்போக்குக்கும் ஒரு நாள் தலைவலிக்கும் கல்லூரி அலுவலகம் கேட்கிறது. கேட்கும் முறையில் மற்றொரு பிழையும் இருக்கிறது. மாணாக்கன் நோயுற்ற அன்று எவரும் சான்று கேட்பதில்லை. அவன் தேறி, வகுப்புக்குத் திரும்பி, மாதக் கடைசியிலோ பருவத்தின் இறுதியிலோ கணக்கெடுக்கும்போதுதான் கேட்கிறார்கள். அப்போது வைத்தியரிடம் செல்பவன் காய்ச்சல் இல்லாதவன். சென்ற மாதம் பன்னிரண்டாம் தேதி அவனுக்கு 102 டிகிரி காய்ச்சல் இருந்ததா என்பதை இன்று நாடி பிடித்துப் பார்த்து எந்த வைத்தியராலும் சொல்ல இயலாது. “இருந்ததாக இவர் சொல்கிறார்” என்று எழுதினால் அது உண்மை. அலுவலகமோ அதை ஏற்பதில்லை. “நான் பரிசோதித்தேன்” என்று எழுதினால் அலுவலகம் ஏற்கும், அது பொய். உண்மையாகவே நோயுற்ற ஒரு மாணாக்கன், உண்மையான ஒரு வைத்தியரிடம், உண்மைக்கு மாறான ஒரு சான்றைக் கேட்டு நிற்குமாறு விதியே அவனைத் தள்ளுகிறது. வேண்டுமென்றே பொய் சொல்லுகிறவர்களைப் பற்றி நாம் வருந்துகிறோம். பொய் சொல்ல விருப்பமில்லாதவர்களையும் பொய்யில் இறக்கும் முறையைப் பற்றி அதனினும் அதிகமாக வருந்த வேண்டும்.

கிராமத்தில் நோய் நடக்கும் விதம்

வைத்தியச் சான்றைக் கேட்கும் விதி, நோய் வந்தவுடன் எல்லோரும் பட்டம் பெற்ற வைத்தியரிடம் செல்வார்கள் என்று எண்ணிக்கொள்கிறது. எல்லைப்புறக் கிராமங்களில் வாழ்க்கை அவ்வாறு நடப்பதில்லை. காய்ச்சலென்றால் முதலில் வீட்டுக் கஷாயம். அதற்கும் அடங்காவிட்டால், ஆந்திரக் கிராமங்களில் ஆர்.எம்.பி. டாக்டர் என்று மக்கள் அழைக்கும், முறையான வைத்தியப் பட்டம் இல்லாத உள்ளூர் வைத்தியரின் ஊசி. அதன் பின்னரே ஆரம்ப சுகாதார நிலையமோ, சித்தூர் அரசு ஆஸ்பத்திரியோ, வேலூர் சி.எம்.சி.யோ. 1900-இல் ஐடா ஸ்கட்டர் தொடங்கிய அந்த வேலூர் ஸ்தாபனத்தின் சித்தூர் வளாகம் குடிபாலா மண்டலத்திலேயே இப்போது அமைந்திருப்பதும், திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரியும் 1993-இல் தொடங்கிய ஸ்விம்ஸ் நிறுவனமும் இருப்பதும் இவ்வட்டாரத்தின் பாக்கியமே. ஆயினும் பெரிய ஆஸ்பத்திரி பெரிய நோய்க்கே. மூன்று நாள் சளிக்கு அங்கே சென்று சீட்டு வாங்கி வரிசையில் அமர்வது நோயாளிக்கும் தகாது, அங்கே காத்திருக்கும் கடும் நோயாளிகளுக்கும் தகாது. ஆகவே மூன்று நாளில் தேறிவிடும் நோயாளியின் வாழ்க்கையில் பதிவு பெற்ற வைத்தியர் குறுக்கிடுவதே அபூர்வம். அவனிடம் சான்று கேட்பது இல்லாததைக் கேட்பதாகும்.

அம்மை இதற்கு மிகத் தெளிவான உதாரணம். அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகி, உள்ளே நோயாளியைத் தனியே கிடத்தி, இளநீரும் மோரும் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரையில் வெளியே அனுப்பாமல் வைத்திருப்பது தமிழர் வீட்டிலும் தெலுங்கர் வீட்டிலும் பரம்பரை வழக்கம். டாக்டரிடம் அழைத்துச் செல்வது அம்மனுக்கு ஆகாது என்று கருதும் முதியோர் இன்னும் இருக்கின்றனர். சின்னம்மையின் கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குக் கட்டும் வரையில் நோய் பிறருக்குத் தொற்றக்கூடும் என்று நவீன வைத்தியமும் சொல்வதால், அந்த நாட்களில் வீட்டிலேயே இருந்த மாணாக்கன் கல்லூரிக்கும் சக மாணாக்கருக்கும் பெரிய உபகாரமே செய்தவனாகிறான். அவனுடைய முகத்தில் தழும்பு சாட்சியாக நிற்கும். கையில் சான்று இராது. காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் வைத்தியரை நாடியவன் நிலையும் அதுவே.

எல்லையில் வாழ்வோருக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. ஆந்திரப் பிரதேச வைத்தியக் கவுன்சிலில் பதிவு பெற்றவராயினும் தமிழ்நாடு வைத்தியக் கவுன்சிலில் பதிவு பெற்றவராயினும் வைத்தியர் வைத்தியரே. வேலூரில் காய்ச்சலைப் பார்த்தவர் சித்தூர்க் கல்லூரிக்கு எழுதினால் அதன் உண்மை குறைந்துவிடுவதில்லை. எனினும் அரசாங்க வைத்தியரின் கையெழுத்தே வேண்டும் என்றும், இந்த மாநிலத்து ஆஸ்பத்திரியின் முத்திரையே வேண்டும் என்றும் வற்புறுத்தும் அலுவலகங்கள் உண்டு. அப்படிக் கேட்கும்போது, ஏற்கெனவே சிகிச்சை பெற்றவன், சிகிச்சையே அளிக்காத மற்றொரு வைத்தியரிடம் சென்று சான்றுக்காக நிற்க வேண்டியவனாகிறான். அதற்காக மேலும் ஒரு நாள் வகுப்பை இழக்கிறான்.

எல்லாக் காரணங்களுக்கும் காய்ச்சலின் வேஷம்

வகுப்புக்கு வராமற் போவதற்கு நோய் ஒன்றே காரணம் என்று விதி கருதினாலும், வாழ்க்கை அவ்வளவு எளிமையானதன்று. சித்தூர் ஜில்லாவில் தோதாபுரி மாம்பழம் கூழ்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் ஜூன், ஜூலை மாதங்களில், கூலிக்கு ஆள் கிடைக்காத சிறு விவசாயியின் மகன் தோட்டத்தில் நிற்கிறான். நிலக்கடலை அறுவடையின்போது மகள் தாய்க்குத் துணை நிற்கிறாள். பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தால் வீட்டில் படித்தவன் ஒருவனே உடன் இருந்து தாள்களைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவை சோம்பலால் நேர்ந்த விடுப்புகள் அல்ல. ஆனால் விண்ணப்பத் தாளில் இவற்றுக்கு இடமில்லை. நோய்க்கு மட்டுமே இடமுண்டு. ஆகவே அறுவடையும் காய்ச்சலாகிறது, பாட்டியின் அறுவை சிகிச்சையும் காய்ச்சலாகிறது, தங்கையின் திருமணமும் காய்ச்சலாகிறது. எந்த நியாயமான காரணத்தையும் அதன் சொந்தப் பெயரால் சொல்ல விடாத விதி, எல்லாக் காரணங்களுக்கும் ஒரே பொய்ப் பெயரைச் சூட்டிவிடுகிறது.

இந்த நிர்ப்பந்தமே சான்றை விலைப் பொருளாக்கியது. கேட்பவர் பலராகவும், கேட்பது அவசரமாகவும், கொடுப்பவருக்கு உழைப்பு இல்லாததாகவும் இருக்கும் இடத்தில் விலை தானே பிறந்துவிடும். பணம் உள்ளவன் ஒரு தாளை வாங்கிக் கொடுத்து நிம்மதியாகப் பரீட்சை எழுதுகிறான். பணம் இல்லாதவனோ, பணம் இருந்தும் மனச்சாட்சி இடங்கொடாதவனோ உண்மையாகவே நோயுற்றிருந்தும் குற்றவாளியைப் போல அலுவலக வாசலில் நிற்கிறான். ஒரு விதியின் நியாயத்தை அளந்தறிய, அதன் கீழ் யார் தப்புகிறார்கள், யார் அகப்படுகிறார்கள் என்று பார்ப்பதே சரியான வழி. அவ்வாறு பார்க்கையில் இந்த விதி தலைகீழாக நிற்கிறது. ஊரில் நல்ல பெயரெடுத்த வைத்தியரும் இதில் துன்பப்படுகிறார். பத்து நோயாளிகள் காத்திருக்கையில் பதினோராவதாக வந்து நிற்கும் மாணாக்கன், மருந்து கேளாமல் தாள் கேட்கிறான். மறுத்தால் தெரிந்த குடும்பத்தின் மனஸ்தாபம், கொடுத்தால் தொழில் தர்மத்துக்கு ஊறு.

காலம் மாறியதும் மாறாததும்

வைத்திய சாஸ்திரம் வளர்ந்த அளவுக்கு விடுப்பு விதிகள் வளரவில்லை என்பதற்குக் காச நோயின் வரலாறு நல்ல சாட்சியாகும். அந்நாளில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில், பல மிஷன்கள் சேர்ந்து 1915-இல் நடத்தத் தொடங்கிய காசநோய் ஸானடோரியத்தில், நல்ல காற்றும் போஷாக்கும் பூரண ஓய்வுமே சிகிச்சையாக இருந்தன. அங்கே சென்ற மாணாக்கன் பல மாதங்களையோ ஆண்டுகளையோ கல்வியிலிருந்து இழந்தான். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்பவர்களும் ஸானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமடைகிறார்கள் என்பதை 1959-இல் வெளியிட்ட ஆய்வினால் உலகுக்கே காட்டிற்று. இன்று ஆறு மாத மருந்தை உட்கொண்டு வரும் நோயாளி, தொடக்கத்திலே சில வாரங்கள் விலகியிருந்த பின், வைத்தியர் அனுமதித்தால் வகுப்புக்குத் திரும்பலாம். அவனுக்கு வேண்டியது நீண்ட விடுப்பன்று. மருந்து வாங்கும் நாளுக்கும் சோர்ந்திருக்கும் நாளுக்கும் சிறு சலுகை, அதனினும் முக்கியமாகத் தன் நோயின் பெயர் வகுப்பு முழுவதும் பரவாது என்னும் உறுதி.

நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுக்கும் முறையின் கொடுமை, மன நோயிலேதான் உச்சத்தை அடைகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மன நோயாளியை உடல் நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்றும், அவருடைய சிகிச்சை விவரங்கள் அந்தரங்கமானவை என்றும் விதித்துள்ளது. ஆயினும் மனநல வைத்தியரின் சான்று குமாஸ்தாவின் மேசையிலிருந்து துறைத் தலைவரிடமும், அங்கிருந்து சக மாணாக்கரின் பேச்சிலும் சென்று சேர்ந்துவிடும் என்று அஞ்சும் மாணாக்கி, உண்மையான அந்தத் தாளை மறைத்துவிட்டு, வயிற்றுவலி என்று எழுதிய மற்றொரு தாளைத் தேடிப் போகிறாள். உண்மையான நோயாளி பொய்யான நோயைச் சொல்ல வேண்டியிருக்கும் இந்நிலையைக் காட்டிலும் இந்த முறைக்குத் தகுந்த கண்டனம் வேறில்லை.

பெண்களின் தேக நிலையைக் கருதி அண்மையில் சில நல்ல திருத்தங்கள் நிகழ்ந்துள்ளன. மாதவிடாயைக் கருதி 2023 ஜனவரியில் கொச்சி விஞ்ஞான தொழில்நுட்பச் சர்வகலாசாலை மாணவியருக்கு இரண்டு விழுக்காடு சலுகை வழங்க, கேரள அரசு அதை மாநிலத்தின் எல்லாச் சர்வகலாசாலைகளுக்கும் விரிவாக்கிற்று. அங்கே மாணவியருக்கு 73 விழுக்காடு போதும். மாணவியருக்குப் பேறுகால விடுப்பும் வருகைச் சலுகையும் தரும் விதிகளை வகுக்குமாறு 2021 டிசம்பரில் சர்வகலாசாலை மானியக் குழுவும் எழுதிற்று. மாதந்தோறும் வைத்தியரிடம் சென்று வலிக்குச் சான்று வாங்கச் சொல்வது அநாகரிகம் என்பதைக் கேரளத்தின் ஏற்பாடு ஒப்புக்கொண்டுவிட்டது. அதே நியாயம் ஒரு நாள் காய்ச்சலுக்கும் பொருந்தும் என்பது அடுத்த படி.

வெளியுலகின் அனுபவம்

பிரிட்டனில் தொழிலாளர்கள் 1982 முதல் ஏழு நாட்கள் வரையிலான நோய்க்குத் தாமே எழுதிக் கொடுக்கும் சான்றையே அளித்து வருகிறார்கள். அதற்கு மேற்பட்டால்தான் வைத்தியரின் எழுத்து கேட்கப்படும். அதுவும் 2010-இல் மாற்றியமைக்கப்பட்டு, இவரால் எந்த வேலை செய்ய முடியும், எந்த மாறுதலுடன் செய்ய முடியும் என்று கூறும் சான்றாயிற்று. கனடா நாட்டு வைத்தியச் சங்கம் 2024-இல், சிறு நோய்களுக்குச் சான்று கேட்கும் வழக்கம் வைத்தியரின் நேரத்தை உண்மையான நோயாளிகளிடமிருந்து பறிக்கிறது என்று சொல்லி அதைக் கைவிடுமாறு வேண்டிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபர் முதல் ஒன்டாரியோ மாகாணத்தில், சட்டம் அளிக்கும் மூன்று நாள் நோய் விடுப்புக்கு வைத்தியச் சான்றை வற்புறுத்தக் கூடாதென்று ஏற்பாடாயிற்று. வேலைக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளியே இந்த அளவுக்குச் சொல்லை நம்பும்போது, கட்டணம் பெற்றுக்கொண்டு கல்வி கொடுக்கும் ஸ்தாபனம் நம்பத் தயங்குவது விநோதம்.

நம் நாட்டிலும் நீதிமன்றம் இவ்விஷயத்தைத் தொட்டிருக்கிறது. வருகைக் குறைவால் பரீட்சை எழுதத் தடைபட்ட டில்லிச் சட்ட மாணாக்கர் ஒருவர் 2016 ஆகஸ்டில் உயிரை மாய்த்துக்கொண்ட துயரத்தை அடியொற்றி எழுந்த வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் 2025 நவம்பர் 3 அன்று அளித்த தீர்ப்பில், சட்டக் கல்லூரிகளில் வருகைக் குறைவு ஒன்றையே காரணமாக்கி எவரையும் பரீட்சையிலிருந்து விலக்கலாகாது என்றும், குறைவை வாரந்தோறும் தெரிவித்துக் கூடுதல் வகுப்புகளால் ஈடு செய்ய வேண்டும் என்றும் கூறிற்று. தண்டிப்பதை விட்டு ஈடு செய்வதை நோக்கி நகர்ந்ததே அத்தீர்ப்பின் சிறப்பு.

ஆட்சேபங்களும் முடிவும்

இவற்றையெல்லாம் கேட்ட பின், அப்படியானால் வருகை விதியையே எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு நான் உடன்படேன். தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த கிராமத்துப் பிள்ளைக்கு, வீட்டில் நூல்களும் வழிகாட்டும் பெரியோரும் இல்லாத நிலையில், ஆசிரியர் நேரில் நின்று சொல்லும் பாடமே பெரும் செல்வம். நோயாளியைக் கையால் தொட்டுப் பழக வேண்டிய செவிலியர் கல்வியில், இந்திய நர்ஸிங் கவுன்சில் 80 விழுக்காடு வருகையும், பட்டத்துக்கு முன் செய்முறைப் பயிற்சியில் முழு வருகையும் கேட்பது முற்றிலும் நியாயம். வருகை வேண்டும், வராமைக்குப் பொய்க் காரணம் வேண்டாம் என்பதே நான் வேண்டுவது.

அதற்கு என் யோசனைகள் நான்கு. ஒரு பருவத்தில் ஆறு நாட்கள் வரை, தொடர்ச்சியாக மூன்று நாட்களுக்கு மேற்படாமல், நோயோ குடும்பக் கடமையோ எதுவாயினும், மாணாக்கர் தாமே எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தை ஏற்க வேண்டும் என்பது முதலாவது. அதற்கு மேற்பட்ட நோய்க்கு, சிகிச்சை நடந்த நாளிலேயே கிடைத்த ஓ.பி. சீட்டையோ, டிஸ்சார்ஜ் தாளையோ, இ-சஞ்சீவனி வழியே தொலைவிலிருந்து வைத்தியர் அளித்த குறிப்பையோ, எந்த மாநிலத்ததாயினும் ஏற்றுக்கொண்டு, பின்னாளில் தேடிச் சென்று வாங்கும் தனிச் சான்றைக் கேளாதிருக்க வேண்டும் என்பது இரண்டாவது. சான்றில் நோயின் பெயர் வேண்டாம், பார்த்த தேதியும் ஓய்வுக்குரிய நாட்களும் போதும் என்பதும், விவரம் அவசியமானால் கல்லூரி வைத்தியர் ஒருவரே அதைப் பார்க்க வேண்டும் என்பதும் மூன்றாவது. ஆறு வாரம் படுத்தவனை 65 என்னும் எண்ணால் வெளியே தள்ளாமல், இழந்த பாடத்தைத் தனி வகுப்பாலும் செய்முறையை விடுமுறை நாட்களாலும் ஈடு செய்யும் வழியை விதியிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது நான்காவது.

ஆறு நாட்களையும் மாணாக்கர் விடுமுறையாக அனுபவித்துவிடுவார்களே என்பது பெரிய ஆட்சேபம். அனுபவிக்கட்டும், தொண்ணூறில் ஆறு என்பது ஏழு விழுக்காட்டுக்கும் குறைவு, விலைக்கு வாங்கிய தாளோ இன்று பத்து விழுக்காட்டைப் பெற்றுத் தருகிறது. நம்பிக்கையால் நேரும் நஷ்டம் பொய்யால் நேரும் நஷ்டத்தினும் சிறிது என்பதோடு, முன்னது எவரையும் கெடுப்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்தவனை நாட்டின் ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளனாக அரசியல் சட்டம் ஏற்றுக்கொண்டுள்ளது. நீதிமன்றம் அவன் சத்தியம் செய்து சொல்லும் சாட்சியத்தைக் கேட்டுப் பிறருடைய சுதந்திரத்தையே நிர்ணயிக்கிறது. அவன் தனக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது என்று சொல்வதைக் கல்லூரி மட்டும் நம்ப மறுப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

கல்லூரியில் மாணாக்கர் கற்கும் பாடங்களுள், புத்தகத்தில் இல்லாததும் ஆயுள் முழுவதும் உடன் வருவதுமான பாடம் ஒன்று உண்டு: அதிகாரத்தின் முன் உண்மையைச் சொன்னால் பயன் உண்டா, தாளைக் காட்டினால்தான் பயன் உண்டா என்பதே அது. இன்றைய முறை இரண்டாவதையே கற்பிக்கிறது. நாளை இதே மாணாக்கரே வைத்தியராகி முத்திரையைக் கையிலெடுப்பார்கள்; ஆசிரியராகி வருகைப் பதிவேட்டைத் திறப்பார்கள்; அதிகாரியாகிப் பிறர் தரும் சான்றுகளின் மேல் ஒப்பமிடுவார்கள். அவர்கள் கையெழுத்துக்கு மதிப்பு இருக்க வேண்டுமானால், அவர்கள் சொல்லுக்கு மதிப்பளித்துப் பழக்க வேண்டிய காலம் கல்லூரிக் காலமே. வைத்தியரின் சான்றை அதற்குரிய பெரிய நோய்க்கு மீட்டுக்கொடுத்து, சிறிய நோய்க்கு மாணாக்கரின் வாக்கை ஏற்கும் துணிவைத் திருப்பதியிலும் சித்தூரிலும் வேலூரிலும் உள்ள கல்வி ஸ்தாபனங்கள் எல்லாம் கொள்ள வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெருஞ்செலவோ தேவையில்லை. விதிப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மாற்றி எழுதுவதற்கான மனம் போதும்.